பறிக்கப்பட்ட பட்டம்: போர்க்காலத்தில் ஹோவர்டு பல்கலைக்கழகக் கால்பந்து அணி

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில், கடல்கடந்த நாட்டின் கால்பந்தாட்ட அணி ஒன்றைப் பற்றிய கட்டுரை எதற்கு என்று சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆயினும், கல்வி, தேர்வு, சான்றிதழ், விதி, நீதிமன்றம், போர் ஆகிய அனைத்தும் ஒரு பந்தைச் சுற்றி வந்து நின்ற வரலாறு அது. வாய்ப்பு மறுக்கப்பட்ட மக்கள் தமக்கென ஒரு கல்விக்கூடம் பெற்றபின் எவ்வளவு உயர முடியும், உயர்ந்தபின் எத்தகைய இடர் நேரும், இடர் நேர்ந்தபின் எவ்வாறு எழ வேண்டும் என்னும் மூன்று வினாக்களுக்கும் அவ்வரலாற்றில் விடை உண்டு. ஆதலின், நம் இளைஞர்கள் அதனை அறிந்துகொள்ளல் வேண்டும் என்று கருதியே இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

ஹோவர்டு என்னும் கல்விக்கூடம்

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865ஆம் ஆண்டு முடிவுற்றது. அடிமை முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆனால் விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்கு நிலமில்லை, பள்ளியில்லை, பல மாநிலங்களில் அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பதே குற்றமாக இருந்த காலம் அப்பொழுதுதான் கழிந்திருந்தது. அந்நிலையில் 1867ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், தலைநகராகிய வாஷிங்டனில் ஹோவர்டு பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. விடுதலை பெற்றோர் நலத்துறையின் தலைவராக இருந்த ஆலிவர் ஓட்டிஸ் ஹோவர்டு என்னும் படைத்தலைவரின் பெயரால் அது வழங்கலாயிற்று.

பிற பல்கலைக்கழகங்கள் கதவடைத்த காலத்தில், கறுப்பின மருத்துவர்களையும் வழக்கறிஞர்களையும் ஆசிரியர்களையும் உருவாக்கித் தந்தது ஹோவர்டு. பள்ளிகளில் நிறவேற்றுமை செல்லாது என்று 1954ஆம் ஆண்டு தீர்ப்புப் பெற்ற வழக்கை நடத்தியவரும், 1967ஆம் ஆண்டு அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் முதற் கறுப்பின நீதிபதியாக அமர்ந்தவருமான தர்குட் மார்ஷல், 1933ஆம் ஆண்டு ஹோவர்டில் சட்டம் பயின்று வெளிவந்தவர். நைஜீரியக் குடியரசின் முதல் தலைவர் நம்டி அசிகிவே அங்குச் சில காலம் பயின்றார். டிரினிடாட் நாட்டின் முதற் பிரதமர் எரிக் வில்லியம்ஸ் அங்கு ஆசிரியராக இருந்தார். ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் கல்வி வேட்கையோடு வந்த இளைஞர்க்கு ஹோவர்டு தாய்வீடு போல் விளங்கிற்று.

இவ்விடத்தில் ஒன்றை விளக்குதல் நலம். அமெரிக்கர் ‘ஃபுட்பால்’ என்று அழைப்பது, பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடும் வேறோர் ஆட்டம். நாம் கால்பந்து என்று அறிந்ததை அவர்கள் ‘சாக்கர்’ என்பர். அந்நாட்டில் அக்காலத்தில் அதனை ஆடினோர் சிலரே. ஆனால் டிரினிடாட், ஜமைக்கா, கானா, நைஜீரியா, கினி முதலிய நாடுகளில் தெருவெல்லாம் கால்பந்துதான். அந்நாட்டு மாணவர்கள் ஹோவர்டுக்கு வந்தபோது, தம் பெட்டிகளோடு தம் ஆட்டத்தையும் கொண்டுவந்தனர்.

1970ஆம் ஆண்டு லிங்கன் பிலிப்ஸ் என்பவர் அவ்வணிக்குப் பயிற்றுநராக அமர்ந்தார். அவரும் டிரினிடாட் நாட்டவரே. அந்நாட்டு அணிக்குக் கோல்கீப்பராக நின்று புகழ் பெற்றவர். அவர் பொறுப்பேற்ற முதலாண்டிலேயே அணி தேசியப் போட்டியின் அரையிறுதியை எட்டியது. அங்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் அணியிடம் தோற்றுத் திரும்பியது. தோல்வி கண்டு சோர்ந்தவர் எவரும் இலர். அடுத்த ஆண்டிற்கு ஆயத்தம் அன்றே தொடங்கிற்று.

வெளியே மூண்டிருந்த போர்

அடுத்த ஆண்டாகிய 1971, வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டு. அமெரிக்க இளைஞர்களைக் கட்டாயமாகப் படையிற் சேர்க்கும் சட்டம் நடப்பிலிருந்தது. 1969ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாளன்று, பிறந்த நாட்களைச் சீட்டிலெழுதிக் குலுக்கியெடுத்து, எந்நாளிற் பிறந்தவன் முதலிற் செல்ல வேண்டும் என்று வரிசை வகுத்தனர். கல்லூரியிற் பயில்வோர்க்கு அதுவரை ஒத்திவைப்புச் சலுகை இருந்தது. 1971ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் வந்த சட்டத்திருத்தம், புதிதாகக் கல்லூரி சேர்வோர்க்கு அச்சலுகையை நீக்கிற்று. ஹோவர்டு அணி அவ்வாண்டுப் பருவத்தின் ஆட்டங்களை ஆடத் தொடங்கிய காலமும் அதுவே.

மாணவர் அனுமதியில் வந்திருந்த அயல்நாட்டார் அச்சட்டத்திற்கு உட்படாதவர். ஆனால் அவர்களோடு ஒரே வகுப்பில் அமர்ந்து, ஒரே விடுதியில் உண்டு உறங்கிய அமெரிக்கக் கறுப்பின மாணவர்கள் உட்பட்டவர்கள். போரின் தொடக்க ஆண்டுகளில் அந்நாட்டு மக்கள் தொகையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கினராயிருந்த கறுப்பினத்தார், களத்தில் மடிந்த தரைப்படை வீரருள் ஐந்தில் ஒரு பங்கினராக இருந்தனர். சொந்த நாட்டில் கிடைக்காத உரிமையை ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் உள்ளோர்க்குப் பெற்றுத்தர நம் பிள்ளைகள் அனுப்பப்படுகின்றனரே என்று, 1967ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் மார்ட்டின் லூதர் கிங் நியூயார்க்கில் வருந்திப் பேசினார்.

ஹோவர்டு வளாகம் இதனைக் கண்டு வாளாவிருக்கவில்லை. 1967ஆம் ஆண்டு மார்ச்சில், கட்டாயப் படைச்சேர்க்கைத் துறையின் தலைவர் அங்குப் பேச வந்தபோது, மாணவர்கள் முழக்கமிட்டு அவரைப் பேசவிடாமற் செய்தனர். அடுத்த திங்களில், படையிற் சேர மறுத்துநின்ற குத்துச்சண்டை வீரர் முகம்மது அலி அவ்வளாகத்திற்கு வந்து மாணவரிடையே உரையாற்றினார். அலியின் மீது விதிக்கப்பட்ட தண்டனையை உச்ச நீதிமன்றம் 1971ஆம் ஆண்டு சூனில் தள்ளிற்று.

போர் பற்றிய மற்றொரு செய்தி நம் வரலாற்றுக்கு இன்றியமையாதது. படையிற் சேர விரும்புவோர்க்கு அங்கு எழுத்துத் தேர்வு உண்டு. குறைந்த மதிப்பெண் பெற்றோரைச் சேர்ப்பதில்லை. ஆனால் ஆள் பற்றாக்குறை நேர்ந்தபோது, 1966ஆம் ஆண்டு பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் மக்நமாரா அத்தேர்வின் அளவுகோலைத் தாழ்த்தினார். ‘நூறாயிரம் திட்டம்’ என்று பெயர் பெற்ற அதன்வழி, 1971ஆம் ஆண்டு இறுதி வரை மூன்றரை இலட்சம் பேர் படையிற் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் ஏறக்குறைய பத்துக்கு நால்வர் கறுப்பினத்தார். துப்பாக்கி ஏந்தச் செல்லும்போது தேர்வில் மதிப்பெண் குறைவென்பது ஒரு தடையாக இல்லாது போயிற்று. இதனை நெஞ்சில் நிறுத்தி மேலே செல்வோம்.

மயாமியில் ஒரு நாள்

1971ஆம் ஆண்டு ஹோவர்டு அணி ஓர் ஆட்டத்திலும் தோல்வியுறாமல் தேசியப் போட்டியின் அரையிறுதிக்குச் சென்றது. 1636ஆம் ஆண்டில் நிறுவப்பெற்று, அந்நாட்டின் மிகப் பழைய கல்விக்கூடமாகப் போற்றப்படும் ஹார்வர்டு அங்கே எதிர்நின்றது. ஹோவர்டு ஒரு கோல் போட்டது. ஹார்வர்டு ஒன்றும் போடவில்லை.

இறுதியாட்டம் டிசம்பர் 30ஆம் நாள், மயாமி நகரின் ஆரஞ்சு பௌல் அரங்கில் நடைபெற்றது. எதிரணி செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம். இயேசு சபையாரின் அக்கல்விக்கூடம் 1959ஆம் ஆண்டு முதல் எட்டு முறை பட்டம் வென்றது. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளிலும் வென்றதும் அதுவே. அவ்வணியின் வீரர் பெரும்பாலோர் செயின்ட் லூயிஸ் நகரத்திலேயே பிறந்து, பள்ளிப்பருவம் முதல் ஒருங்கே ஆடி வளர்ந்த வெள்ளையின இளைஞர். ஹோவர்டு வீரரோ பல தீவுகளிலிருந்தும் பல நாடுகளிலிருந்தும் வந்து ஓர் அணியாகத் திரண்டவர். இரண்டிற்கு மூன்று என்ற கணக்கில் ஹோவர்டு வென்றது. கறுப்பினத்தார்க்கென நிறுவப்பட்ட பழைய கல்விக்கூடம் ஒன்று, அமெரிக்கத் தேசியக் கல்லூரி விளையாட்டுக் கழகத்தின் உயர்பிரிவுப் பட்டத்தை எந்த விளையாட்டிலாயினும் வென்றது அதுவே முதன்முறை.

அந்நாளில் உலகம் அமைதியாக இருக்கவில்லை. டிசம்பர் 26 முதல் 30 வரை ஐந்து நாட்கள் அமெரிக்க வானூர்திகள் வட வியட்நாம் மீது குண்டு பொழிந்தன. அக்குண்டுவீச்சின் கடைசி நாளும், ஹோவர்டு பட்டம் வென்ற நாளும் ஒன்றே. நம் நாட்டிலும் வங்கதேசப் போர் அதே டிசம்பர்த் திங்கள் 16ஆம் நாள்தான் முடிவுற்றிருந்தது. அணியின் தாயகங்களும் போரறியாதவை அல்ல. நைஜீரியாவின் உள்நாட்டுப் போர் 1970ஆம் ஆண்டு சனவரியில்தான் ஓய்ந்தது. கினியின் தலைநகர் மீது அதே ஆண்டு நவம்பரில் போர்ச்சுகீசியப் படை கடல்வழி வந்து தாக்குதல் நடத்திற்று. அத்தகைய உலகத்திலிருந்து வந்த இளைஞர்கள் படிப்பையும் பந்தையும் விடாது பற்றி நின்றனர் என்பதை நம் பிள்ளைகள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

விதியின் கைகள்

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1972ஆம் ஆண்டும் அணி அரையிறுதியை எட்டியது. அதற்குள் விளையாட்டுக் கழகத்தின் விசாரணை தொடங்கிவிட்டது. 1973ஆம் ஆண்டு சனவரியில் தீர்ப்பு வந்தது: 1971ஆம் ஆண்டுப் பட்டம் செல்லாது, 1972ஆம் ஆண்டு பெற்ற இடமும் செல்லாது, 1973ஆம் ஆண்டின் தேசியப் போட்டியில் ஹோவர்டு கலந்துகொள்ளக் கூடாது. 1971ஆம் ஆண்டின் பட்டம் வேறெவர்க்கும் அளிக்கப்படவில்லை. ஏட்டில் அவ்விடம் வெறுமையாக விடப்பட்டது.

குற்றச்சாட்டுகள் யாவை? மூன்று விதிகள் காட்டப்பட்டன. முதலாவது, கல்லூரியிற் சேர்ந்த ஐந்து ஆண்டுகளுக்குள் ஒரு மாணவன் தன் ஆட்டக்காலத்தை முடித்துவிட வேண்டும் என்பது. இரண்டாவது, நான்கு புள்ளிகளை முழு மதிப்பாகக் கொண்ட அளவில் 1.600 புள்ளியாவது பெறுவான் என்று, பள்ளி மதிப்பெண்ணையும் பொதுத் தேர்வு மதிப்பெண்ணையும் கொண்டு முன்கூட்டிக் கணிக்கப்பட்டவனே ஆடலாம் என்பது. மூன்றாவது, அயல்நாட்டவர் ஒருவர் 19 வயது நிறைந்தபின் தம் நாட்டில் முறைப்படி அமைந்த போட்டிகளில் ஆடியிருந்தால், அவ்வாறு ஆடிய ஒவ்வோர் ஆண்டும் கல்லூரியில் அவர் ஆடத்தக்க ஆண்டுகளிலிருந்து கழிக்கப்படும் என்பது.

இரண்டாம் விதியைச் சற்று உற்றுநோக்குக. மாணவன் கல்லூரியில் உண்மையாக எத்தனை மதிப்பெண் பெற்றான் என்று அவ்விதி கேட்கவில்லை. பெறுவான் என்று எவரேனும் முன்னரே கணித்தெழுதி வைத்தனரா என்று கேட்டது. பிரிட்டிஷ் பாடமுறையில் பயின்று, அந்நாட்டுத் தேர்வுகளை எழுதித் தேறி வந்த மேற்கிந்தியத் தீவு மாணவனிடம், நீ ஏன் அமெரிக்கத் தேர்வை எழுதவில்லை என்று கேட்டது. இதில் மற்றொரு விந்தையும் உண்டு. ஹோவர்டு மீது தண்டனை பாய்ந்த அதே 1973 சனவரியில், அந்த 1.600 விதி பயனற்றதென்று கழகத்தாராலேயே கைவிடப்பட்டது. விதி மறைந்தது, தண்டனை மறையவில்லை.

முன்னர்க் கூறிய நூறாயிரம் திட்டத்தை இங்கு நினைவுகூர்க. படைத்துறை வேறு, விளையாட்டுக் கழகம் வேறு. இரண்டையும் இயக்கியோர் ஒருவரல்லர். ஆயினும் அவ்விரண்டின் முன்னும் கைகட்டி நிற்க நேர்ந்தவன் கறுப்பின இளைஞன். சாவதற்குச் செல்லும் வாயிலில் தேர்வின் அளவுகோல் தாழ்த்தப்பட்டது. வெல்வதற்குச் செல்லும் வாயிலில் எழுதாத தேர்வு குற்றமாக்கப்பட்டது. அதே சனவரி 27ஆம் நாள் பாரிசு நகரில் அமைதி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. கட்டாயப் படைச்சேர்க்கை முடிந்ததென்றும் அன்றே அறிவிக்கப்பட்டது.

நீதிமன்றமும் ஆடுகளமும்

ஹோவர்டு இருவழியில் விடையிறுத்தது. முதல்வழி நீதிமன்றம். விளையாட்டுக் கழகத்தை எதிர்த்து வாஷிங்டன் நகரின் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்பட்டது. நீதிபதி கெர்ஹார்டு கெசல் 1973ஆம் ஆண்டு வழங்கிய தீர்ப்பில், அயல்நாட்டு மாணவர் பற்றிய விதி சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்னும் கோட்பாட்டுக்கு முரணானது என்று கூறினார். அதே வகைப் போட்டிகளில் ஆடிய அமெரிக்கனுக்கு இல்லாத தண்டனை, அயல்நாட்டில் பிறந்த ஒரே காரணத்திற்காக மற்றவனுக்கு விதிக்கப்படலாகாது என்பது அதன் சாரம். மேல்முறையீட்டு நீதிமன்றமும் 1975ஆம் ஆண்டு இதனை உறுதி செய்தது.

ஆனால் முழு வெற்றி கிட்டிற்று என்று கூறுதல் பொய்யாகும். மற்ற இரு விதிகளும் நியாயமானவையே என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பறிக்கப்பட்ட பட்டம் திரும்பவில்லை. ஆயினும் அநீதியான ஒரு விதி ஹோவர்டின் வழக்கால் வீழ்ந்தது. அதன் பயன் ஹோவர்டுக்கு மட்டுமன்றி, அமெரிக்கக் கல்லூரிகளில் பின்னர் ஆட வந்த அயல்நாட்டு மாணவர் பலர்க்கும் கிடைத்தது.

இரண்டாம் வழி ஆடுகளம். தடைக்காலம் கழிந்து 1974ஆம் ஆண்டு வந்தது. அவ்வாண்டு ஹோவர்டு அணி 19 ஆட்டங்கள் ஆடிற்று; 19 ஆட்டங்களிலும் வென்றது. இறுதியாட்டத்தில் எதிர்நின்றது மீண்டும் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகமே. 1972, 1973 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பட்டம் வென்றிருந்த அவ்வணிக்கு மற்றொரு வாய்ப்பும் இருந்தது. ஆட்டம் நடந்த இடம் அவர்களுடைய சொந்த ஊராகிய செயின்ட் லூயிஸ் நகரின் புஷ் அரங்கம். உரிய நேரம் முடிந்தபோது இரண்டு அணிகளும் ஒவ்வொரு கோலுடன் சமமாக நின்றன. கூடுதல் நேரம் ஒருமுறை, இருமுறை, மும்முறை கொடுக்கப்பட்டும் முடிவு தெரியவில்லை. நான்காம் கூடுதல் நேரத்தில் ஹோவர்டின் நைஜீரிய வீரர் கென்னத் இலோடிக்வே பந்தை வலைக்குள் செலுத்தினார். ஒன்றுக்கு இரண்டு என்று ஆட்டம் முடிந்தது. இம்முறை பட்டத்தைப் பறிக்க எந்த விதியாலும் இயலவில்லை.

பல ஆண்டுகள் கழிந்தபின், இவ்வரலாற்றைக் கூறும் ஆவணத் திரைப்படம் ஒன்று 2016ஆம் ஆண்டு அமெரிக்கத் தொலைக்காட்சியில் வெளிவந்தது. 1971ஆம் ஆண்டின் பட்ட வரிசையிலோ அவ்விடம் வெறுமையாகவே நின்றது.

நமக்கும் இதற்கும் என்ன?

அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை நியூயார்க்கு நகரின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். 1946ஆம் ஆண்டு அவர், கறுப்பின மக்களின் அறிஞர் டபிள்யூ.ஈ.பி. டு பாய்ஸ் அவர்கட்குக் கடிதம் எழுதி, இரு மக்களின் நிலையும் பெரிதும் ஒத்திருப்பதைச் சுட்டினார். ஐக்கிய நாடுகள் அவைக்குக் கறுப்பினத்தார் அனுப்பிய முறையீட்டின் படியையும் கேட்டார். டு பாய்ஸ் அவர்களும் பரிவுடன் மறுமொழி எழுதினார். ஆகவே, ஹோவர்டின் வரலாறு நமக்கு அயலார் வரலாறன்று.

போர் வரும்போது அழைப்பும், போர் முடிந்தபின் விதியும் வரும் என்பதை நம் மக்களும் கண்டவர்களே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ‘போர்க்குலம்’ அல்லர் என்று கூறி மகர் மக்களைப் படையிற் சேர்ப்பதை ஆங்கில அரசு நிறுத்தியது. முதல் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டபோது 1917ஆம் ஆண்டு 111ஆம் மகர் படை அமைக்கப்பட்டது. போர் முடிந்தபின் 1921ஆம் ஆண்டு அது கலைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர் வந்ததும் 1941ஆம் ஆண்டு மகர் படைப்பிரிவு மீண்டும் தோன்றிற்று. அம்பேத்கரின் தந்தையாரே படையிற் பணிபுரிந்தவர். அப்படைவாழ்வு தந்த எழுத்தறிவே அக்குடும்பத்தின் கல்விக்கு வித்தாயிற்று என்பதையும் மறத்தலாகாது.

அன்பார்ந்த இளைஞர்களே! இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கவை சில உண்டு. விதி எழுத்தளவில் எல்லார்க்கும் ஒன்றெனத் தோன்றும். அது எவர் தோளில் சுமையாக இறங்குகின்றது என்று பார்க்கும் கண் நமக்கு வேண்டும். அதே வேளையில், விதியைப் படியாதிருத்தல் பெருமையன்று. ஹோவர்டின் மீது கை வைக்க இடமளித்தவை ஆட்டக் குறைகள் அல்ல. தாள்களில் இருந்த குறைகள். விண்ணப்பத்தின் கடைசி நாள், இணைக்க வேண்டிய சான்றிதழ், வயது வரம்பு, தகுதி மதிப்பெண் ஆகியவற்றை நம்மை மறுக்க எண்ணுவோர் படிக்குமுன் நாம் படித்துவிட வேண்டும். நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாக மாணவரை அமர்த்தி விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்துவருவது சிறு பணியெனச் சிலர்க்குத் தோன்றலாம். அது சிறு பணியன்று.

இன்னொன்று. அநீதி நேர்ந்தபோது ஹோவர்டு களத்தை விட்டு நீங்கவில்லை; நீதிமன்றத்தையும் விடவில்லை. வழக்கறிஞர் வாதாடினார், வீரர் ஆடினார், இருவரையும் உருவாக்கியது கல்வி. நம்முள் பந்தாடுவோரும் பெருகுக. சட்டம் பயில்வோரும் பெருகுக. ஏட்டில் வெறுமையாக விடப்பட்ட இடங்கள் நம் வரலாற்றிலும் பல உள. அவற்றில் எழுத வேண்டிய பெயர்களைத் தேடிக் கண்டு எழுதுவதும், எவராலும் அழிக்கவியலாத புதிய பெயர்களை உருவாக்குவதும் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்கு உங்கள் கடமையாகும்.